நாலு பிள்ளைகளில் எத்தனை சதவீதம்?

எங்கள் பள்ளி பீரோவின் அடித்தட்டில் ஒரு பழைய பார்வைப் பதிவேடு இருக்கிறது. அட்டை போய்விட்டது. பக்க ஓரமெல்லாம் மலையில் எந்தக் காகிதத்தையும் விட்டுவைக்காத கறுப்புப் பூஞ்சை. இங்கே தலைமையாசிரியராக வந்த புதிதில், மழைக்கு ஒதுங்கிக் கடைசி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம் அதை எடுத்துப் படித்தேன். ஆண்டுக்கு ஒருமுறை யாரோ ஓர் அதிகாரி வந்து, நாலைந்து வரி எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டுப் போயிருக்கிறார். ‘மாணவர்கள் தூய்மையாக உள்ளனர்.’ ‘வாய்ப்பாடு நன்கு ஒப்புவிக்கின்றனர்.’ ‘வாசிப்பில் கவனம் தேவை.’ அப்புறம், ‘வடபுறக் கூரை ஒழுகுகிறது, சரிசெய்ய வேண்டும்.’ அடுத்த ஆண்டும் அதே கூரை. அதற்கடுத்த ஆண்டும். நாலு ஆண்டு தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டில் அந்த வரி இல்லை. எங்கள் சமையல் ஆயாம்மாவிடம் கேட்டேன். ஊர்க்காரர்களே காசு போட்டுத் தகரம் வாங்கி மாட்டினார்களாம்.

அந்தப் பதிவேட்டில் கூரை இருந்தது, கழிப்பறை இருந்தது, வாய்ப்பாடு இருந்தது. ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை. அன்றிலிருந்து எனக்குள் இந்த யோசனை ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் மாதிரி ஒரு பள்ளி நன்றாக நடக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து வருகிற ஒருவர் எதை வைத்துச் சொல்ல முடியும்?

நீலகிரியில் எனக்கு இது 19ஆம் ஆண்டு. சொந்த ஊர் மேட்டுப்பாளையம் பக்கம். முதலில் கூடலூர்ப் பகுதியில் வேலை. இப்போது இருப்பது மலையின் கிழக்குச் சரிவில், ஹட்டி என்று சொல்லும் ஒரு படுகர் ஊருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் நடுவே உள்ள ஈராசிரியர் பள்ளி. ஒன்றாம் வகுப்பில் நாலு பேர், இரண்டில் மூன்று, மூன்றில் நாலு, நாலில் இரண்டு, ஐந்தில் நாலு. மொத்தம் 17. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். அந்தக் கணக்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் குறைந்தால் வகுப்புகளும் குறைந்துவிடாது. பாடநூல்களை எண்ணினால் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு நந்நான்கு பாடம், மூன்று முதல் ஐந்து வரை ஐயைந்து பாடம். ஆக 23 பாடங்களை இரண்டு பேர் நடத்த வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மற்றவர் தலையில் 23ம்.

ஆண்டாய்வு அன்று என்ன நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. வருகிறவர் வட்டாரக் கல்வி அலுவலர். 2018 வரை அந்தப் பதவிக்கு உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்று பெயர். ஊரில் பெரியவர்களுக்கு இன்றைக்கும் அவர் ‘ஸ்கூல் இன்ஸ்பெக்டர்’தான். மேசைமேல் பதிவேடுகளை அடுக்கி வைத்திருப்போம்: ஆசிரியர் வருகை, மாணவர் வருகை, சேர்க்கை நீக்கம், தற்செயல் விடுப்பு, தளவாடச் சாமான்கள், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், சத்துணவு, காலை உணவு, விலையில்லாப் பொருள்கள் கொடுத்த கணக்கு, பாடக்குறிப்பு. பிறகு கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சமையலறை. அதன்பின் வகுப்பறைச் சுவர். எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறதோ அதற்கான அட்டைகளும் படங்களும் சுவரில் இருக்க வேண்டும். 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது ஏணிப்படிகளும் கம்பிப் பந்தலில் தொங்கும் பிள்ளைகளின் ஓவியங்களும் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம். இப்போது பார்ப்பது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து உட்கார வைத்திருக்கிறோமா என்பதை. கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடி மழையில் புதிதாக ஒட்டிய சார்ட் பத்தே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். ஆய்வுக்கு முந்தின இரவு உட்கார்ந்து அத்தனையும் திரும்ப வரைந்திருக்கிறேன்.

கடைசியில்தான் பிள்ளைகள். மூடுபனி இறங்குமுன் அடுத்த பள்ளியையும் பார்த்துவிட்டுக் கீழே போக வேண்டும் என்கிற அவசரம் அவருக்கு இருக்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். ஒரு பத்தி வாசி, ஏழாம் வாய்ப்பாடு சொல், 100இல் 37 போனால் எவ்வளவு?

பதிவேடுகளை வீண் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். கூடலூரில் இருந்தபோது பணியர் இனத்தைச் சேர்ந்த ஒருவர், தன் மகனுக்குச் சாதிச் சான்று வாங்குவதற்காகத் தன்னுடைய சேர்க்கைப் பதிவைத் தேடி வந்தார். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் ஆசிரியர் அவர் பெயரையும் இனத்தையும் பிழையில்லாமல் எழுதி வைத்திருந்த அந்த ஒரு வரி அன்றைக்கு அவருக்குப் பெரிய சொத்தாக இருந்தது. அதனால் பதிவேட்டைப் பார்க்கட்டும், கண்டிப்பாகப் பார்க்கட்டும். என் வருத்தமெல்லாம் மிச்சமாகிற அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான்.

அந்த இரண்டு நிமிடத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைதான் மாகாணந்தோறும் கல்வித் துறையும் பள்ளி ஆய்வாளர்களும் உண்டாகக் காரணம். 1862இல் இங்கிலாந்தில் தேர்ச்சிக்கேற்ற மானிய முறை வந்தது. ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம். அந்த முறை நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. வாத்தியார் வீட்டு அடுப்பு எரிவது பிள்ளை சொல்லும் பதிலைப் பொறுத்தது என்றானால் என்ன நடக்கும்? ஆய்வாளர் கேட்கப்போகிற புத்தகத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்ய வைத்தார்கள். 1904இல் இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம் தொடக்கப் பள்ளிகளில் அந்த மானிய முறையைக் கைவிடச் சொன்னது. நூறு ஆண்டு தாண்டியும் அந்தப் பயம் பள்ளிக்கூடங்களை விட்டுப் போகவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு மூத்த ஆசிரியர் அன்போடு சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் இது: “நல்லா வாசிக்கிற பிள்ளைய வாசப்படிப் பக்கமா உக்கார வைம்மா. வர்றவங்க முதல்ல அங்கதான் கேப்பாங்க.”

சில ஆண்டுகள் நானும் அப்படித்தான் செய்தேன்.

இனி சதவீதத்துக்கு வருகிறேன். ஒரு டிசம்பரில், பல பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் இருந்த கூட்டத்தில் எங்கள் பள்ளியின் பெயரை வாசித்தார்கள். மூன்றாம் வகுப்பு, தமிழ் வாசிப்பு, 50 சதவீதம். எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன். காரணம் கேட்டார்கள். “சார், மூணாம் வகுப்புல மொத்தமே நாலு பேர்” என்றேன். “எண்ணிக்கைய விடுங்க டீச்சர், சதவீதம் என்ன?” என்று பதில் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது இரண்டரை சதவீதம். நாலு பிள்ளைகள் உள்ள வகுப்பில் 25. எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், தடத்தில் காட்டெருமை நிற்கிறது என்று ஒரு பாட்டி பேரனை அனுப்பாமல் விட்டால், வருகையும் தேர்ச்சியும் ஒரே நாளில் தலைகீழாகிவிடும். கூட்டிப் பெருக்கி வருகிற எண்ணை வைத்து ஆயிரம் பள்ளிகள் உள்ள மாவட்டத்தைப் பற்றி எதையாவது சொல்லலாம். நாலு பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல அதற்குத் தகுதி கிடையாது. நாலு பேர் என்றால் நாலு பேரையும் பெயர் சொல்லியே பேசிவிடலாம். சின்னப் பள்ளியில் உள்ள ஒரே வசதி அதுதான், அதைத்தான் கூட்டத்தில் வாசித்த அந்தச் சதவீதத் தாள் அழித்துவிட்டது.

அந்த 50 சதவீதத்துக்குள் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன். வாசிக்காத இருவரில் ஒருவன், தாய்மாமன் ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு ஆய்வுக்கு முந்தின நாள்தான் திரும்பியிருந்தான். இன்னொருத்தி ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். இப்போது நீலகிரி எஸ்டேட்டுகளில் கொழுந்து பறிப்பவர்களில் நிறையப் பேர் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்தவர்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்கு இறங்க, காலியான லைன் வீடுகளில் இவர்கள் குடியேறுகிறார்கள். அந்தப் பெண் ஆகஸ்ட் மாதம் வந்து சேர்ந்தாள். வீட்டில் பேசுவது சாத்ரி. எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் இந்தியும் நிறைய சைகையும். நவம்பர் மதிப்பீட்டில் அவள் அரும்பு. மூன்று மாதத்தில் ஒரு புதிய மொழியில் எழுத்துகளைச் சேர்த்து ‘மரம்’, ‘படம்’ என்று படித்தாள். அதற்குத் தாளில் இடமில்லை. பத்தி வாசிக்கிறாளா? இல்லை.

மொழியால் நடக்கும் பிசகு வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தமிழில் ‘ப’ வரும் இடத்தில் பல சொற்களில் படுகு மொழியில் ‘ஹ’ வரும். நம் பட்டி அங்கே ஹட்டி, நம் பால் அங்கே ஹாலு. ஒருமுறை ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் பால் டம்ளர் படத்தைக் காட்டி என்னவென்று கேட்டார்கள். “ஹாலு” என்றது குழந்தை. எதிரே இருந்தவருக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டார். தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து அது வாயை மூடிக்கொண்டது. அன்று முழுவதும் பேசவில்லை. ‘வாய்மொழித் திறன் குறைவு’ என்று எழுதினார்கள். வாசலில் ஓடையோரம் நின்று அந்தக் குழந்தை மாட்டிடம் பேசுவதைக் கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னை நல்ல ஆசிரியையாக ஆக்கியதில் ஓர் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அன்று ஆய்வுக்கு வந்த மேடம் கறாரானவர் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தோம். பத்து மணிக்கே வந்துவிட்டார். பதிவேடுகளை அப்புறம் பார்க்கலாம் என்று நேரே வகுப்புக்குள் வந்து பாயில் உட்கார்ந்தார். வாசற்படிப் பக்கம் நான் உட்கார வைத்திருந்த பையனை அவர் பார்க்கவே இல்லை. மூலையில் இருந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தார். முத்து முத்தான கையெழுத்து, எல்லா வகுத்தல் கணக்கும் சரி. சமையலறையிலிருந்து ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை வாங்கிவரச் சொல்லி, 36 எண்ணி வைத்து, “நாலு பேருக்கு சமமாப் பிரிச்சுக் குடு பாப்பா” என்றார். அவளுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. நோட்டில் இருந்ததெல்லாம் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். “டீச்சர், உங்களுக்கு இது தெரியுமா?”

தெரியும். ஒரு மாதமாகவே தெரியும். அமைதியான பிள்ளை, நோட்டு அழகாக இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்தப் பிள்ளையோடு அரை மணி நேரம் உட்கார்ந்து கடலையைப் பிரித்துக் காட்டினார். போகும்போது பதிவேட்டில் இப்படி எழுதினார்: ‘ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருவருக்கு வகுத்தல் கருத்து உருவாகவில்லை. தலைமையாசிரியர் அறிவார். பிப்ரவரியில் மீண்டும் பார்ப்பேன்.’ சொன்னபடி பிப்ரவரியில் வந்தார். அந்த ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். என் 19 ஆண்டில் ஒரே ஒரு பிள்ளைக்காக இரண்டாம் முறை மலை ஏறி வந்த அதிகாரி அவர் ஒருவர்தான்.

எல்லா அதிகாரிகளும் அப்படி இருக்க முடியுமா என்றால், இன்றைய வேலைப்பளுவில் முடியாது. ஒருவர் பொறுப்பில் பல பள்ளிகள். சம்பளப் பட்டியல், விடுப்பு, வழக்கு, தேர்தல் பணி எல்லாம் அவர் மேசைக்கே வருகின்றன. எண் கேட்கிறவர்கள் அவருக்கு மேலே இருக்கிறார்கள். அதனால்தான் குறையை நான் ஆள்மேல் போடவில்லை. நாள் முழுக்க எண்ணே கேட்கப்படுகிற ஒருவர் எங்களிடமும் எண்ணைத்தான் கேட்பார்.

வெளிநாட்டில் ஒன்றைப் பார்த்தேன். இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு பல ஆண்டுகளாக ஒரு பள்ளி முழுவதற்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு கொடுத்துவந்தது. மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது, இந்த நான்கில் ஒன்று. 2023இல் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை, பள்ளிக்குக் கிடைத்த ‘போதாது’ என்ற தீர்ப்புக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வு அவர் மரணத்துக்கு ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைத் தீர்ப்பை நிறுத்திவிட்டார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எழுந்து நின்ற அந்தக் கூட்டம் நினைவுக்கு வந்தது. அங்கே என்னோடு இன்னும் ஒன்பது பேர் நின்றார்கள்.

எங்களை ஆய்வு செய்கிற இன்னொரு கூட்டம் உண்டு. அது ஊர். காலை எட்டரைக்கு எங்கள் பள்ளி வாசலைத் தாண்டி ஒரு தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் போகிறது. ஷூவும் டையும் கட்டிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதில் போகிறார்கள். ஊர் கொடுக்கும் மதிப்பெண் அந்த வேனில் தெரியும். எங்கள் உயிர் இருப்பதும் அதில்தான். 2019இல் ஒரு பிள்ளைகூட இல்லாமல் போன பள்ளிகளை நூலகமாக மாற்ற அரசு முடிவெடுத்தபோது இந்த மலையில் இருக்கிற சின்னப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. ஏப்ரல், மே மாதங்களில் வீடு வீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்து, பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்கிறோம். அதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

ஆனால் ஊருக்கும் ஒரு கூர்மை இருக்கிறது. போன ஆண்டு ஒரு ஹெத்தை பள்ளிக்கு வந்தார். படுகர்கள் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் கையில் பச்சைத் தேயிலை எடைச் சீட்டு. 43 கிலோ, கிலோ 18 ரூபாய். “டீச்சர், நீங்க சொல்லாதீங்க. எம் பேத்தி சொல்லட்டும்” என்றார். நாலாம் வகுப்புப் பேத்தி சீட்டை வாங்கி ஒரு நொடி கண்ணை மூடினாள். “இருபது ரூவான்னா 860. கிலோவுக்கு ரெண்டு ரூவா கொறைக்கணும், 86. அப்ப 774.” எழுதவே இல்லை. நான் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்த பெருக்கல் முறையும் அது இல்லை. வீட்டில் கிழவி மனக்கணக்குப் போடும் முறை. ஹெத்தை சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “சரி, இங்கயே படிக்கட்டும்” என்று சொல்லிப் போய்விட்டார். வேனுக்கு மாற்றலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் நான் ஒரு வேலை ஆரம்பித்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். மேலே, பள்ளிக்கு வந்த நாளில் என்ன தெரிந்தது, வீட்டில் என்ன மொழி. கீழே மாதத்துக்கு ஒரு வரி, அவர்கள் வாசித்தது, போட்ட கணக்கு, பேசியது. நானாக எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 2005 முதல் நடக்கும் அசர் கணக்கெடுப்பில் பிள்ளையின் வீட்டுக்கே போய், தனியாக உட்கார வைத்து, எழுத்து, சொல், பத்தி, கதை என்று எதுவரை வாசிக்கிறது என்று பார்ப்பார்கள். அதோடு அந்த மேடத்தின் கொண்டைக்கடலையையும் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். 17 தாள். ஆய்வுக்கு வருகிறவர் மேசையில் மற்ற பதிவேடுகளுக்கு மேலே இதை வைக்கிறேன். சிலர் ஒதுக்கி வைத்துவிட்டு வருகைப் பதிவேட்டைக் கேட்கிறார்கள். போன முறை வந்தவர் ஆறு தாள்களைப் படித்தார். இரண்டு பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, தாளில் இருக்கிற கடைசி வரியிலிருந்து கேள்வி கேட்டார். இரண்டு நிமிடம் பத்து நிமிடமானது. அந்தப் பத்து நிமிடம் போதும் என்று நினைக்கிறேன்.

அந்த ஜார்க்கண்ட் பெண்ணின் தாளில் பிப்ரவரி மாதத்துக்கு நான் எழுதியது: ‘காலை உணவுப் பலகையைத் தானாக வாசித்தாள். புதன், பொங்கல்.’ யாரும் கேட்காமல், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றபடி வாசித்தாள். எனக்கு முன்னால் நின்ற ஆயாம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மார்ச் முதல் வாரம் அவள் அப்பா வந்தார். வேறு எஸ்டேட்டில் கூலி கூடுதலாம், நாளைக்கே போகிறார்களாம். மாணவர் விவரங்கள் உள்ள எமிஸ் இணையதளத்தில், அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ள வசதியாக அவள் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றினேன். மாத இறுதியில் மதிப்பீடு நடந்தது. ஊருக்குப் போய் வந்த பையனும் அதற்குள் நன்றாக வாசிக்க ஆரம்பித்திருந்தான். அறிக்கையில் மூன்றாம் வகுப்பு: 3 பேர், 100 சதவீதம்.

அவள் கிளம்பிய அன்று, பஸ் வருவதற்குள் பக்கத்துக் கடையில் அவளுடைய தாளை ஜெராக்ஸ் எடுத்தேன். மூலத்தை மடித்து அவள் பையில், தமிழ்ப் புத்தகத்துக்குள் வைத்தேன். போய்ச் சேரும் பள்ளியில் முதல் நாள் டீச்சரிடம் காட்டு என்று இந்தியில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொன்னேன். “சரி டீச்சர்” என்றாள், தமிழில்.